பெண்ணின் வயதுக்கு விதிக்கப்படும் வரி

புதுதில்லி:

தில்லி சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரம் சூடுபிடித்திருந்த 2025 ஜனவரியில், கல்காஜி தொகுதியின் பாஜக வேட்பாளர் ரமேஷ் பிதூரி, தொகுதியின் சாலைகளைப் பிரியங்கா காந்தியின் கன்னங்களைப் போல ஆக்கித் தருவதாக வாக்காளர்களிடம் பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் வருத்தம் தெரிவித்தார். இந்த உவமை அவர் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. 2019 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் காங்கிரஸ் அமைச்சர் பி.சி.சர்மா, போபால் சாலைகள் ஹேமமாலினியின் கன்னங்களைப் போல ஆகும் என்றார். 2021 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் சிவசேனை அமைச்சர் குலாப்ராவ் பாட்டீல் அதே உவமையைக் கையாண்டு, மாநில மகளிர் ஆணையம் எச்சரித்த பின் மன்னிப்புக் கேட்டார்.

கட்சி மாறுகிறது, மாநிலம் மாறுகிறது, உவமை மட்டும் மாறுவதில்லை. குண்டும் குழியும் இல்லாத சாலைக்கு ஒப்பு, கோடும் சுருக்கமும் இல்லாத பெண்ணின் கன்னம். இவ்வாறு பேசப்பட்டபோது ஹேமமாலினி எழுபது வயதை எட்டியவர். மதுராவின் மக்களவை உறுப்பினர். பிரியங்கா காந்தி ஐம்பதைக் கடந்தவர். வயநாடு தொகுதியின் மக்களவை உறுப்பினர். இவர்கள் அவையில் என்ன பேசினார்கள், எதற்கு வாக்களித்தார்கள் என்பது மேடையில் பேச்சாகவில்லை. இவர்களது தோல் பேச்சாயிற்று.

பெண்ணின் முகம் காலத்தின் தடத்தை ஏற்கக்கூடாது என்ற இந்த எதிர்பார்ப்புக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. தெற்கு தில்லியின் கிரேட்டர் கைலாஷ், சவுத் எக்ஸ்டென்ஷன், டிஃபென்ஸ் காலனி ஆகிய பகுதிகளிலும், அண்டை நகரங்களான குருகிராம், நொய்டாவிலும் தோல் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளில் அந்த விலைக்குரிய சரக்கு விளம்பரம் ஆகிறது. நெற்றிக் கோடுகளுக்கு ஓர் ஊசி, கண்ணோரச் சுருக்கத்துக்கு ஓர் ஊசி, ஒட்டிய கன்னத்தை நிரப்ப மற்றோர் ஊசி என்று பட்டியல் நீள்கிறது. திருமணப் பருவத்தில் மணமகளுக்கென்றும், மணமகளின் தாய்க்கென்றும் தனித்தனித் தொகுப்புகள் விற்கப்படுகின்றன.

நச்சு மருந்தான கதை

பொதுவாகப் போடாக்ஸ் என்று அழைக்கப்படும் இந்த ஊசியில் இருப்பது பொட்டுலினம் நச்சு. மனிதன் அறிந்த மிகக் கொடிய நச்சுகளுள் இதுவும் ஒன்று. கெட்டுப்போன இறைச்சியை உண்டவர்கள் கைகால் செயலிழந்தும் மூச்சுத் திணறியும் மாண்டதை, 1820களில் ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் விரிவாகப் பதிவு செய்தார். அந்நோயை விளைவிக்கும் நுண்ணுயிரியைப் பெல்ஜிய அறிவியலாளர் எமில் வான் எர்மெங்கம் 1890களில் கண்டறிந்தார்.

நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுத்து, தசையைத் தற்காலிகமாகத் தளர வைப்பதே இந்த நச்சின் செயல். இதை மிக நுண்ணிய அளவில் மருந்தாகப் பயன்படுத்த முடியும் என்று காட்டியவர் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணுக்கும், கட்டுப்பாடின்றி இமை துடிக்கும் நோய்க்கும் உரிய மருந்தாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1989இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. கனடாவின் வான்கூவர் நகரில் கண் மருத்துவர் ஜீன் கருத்தர்ஸ் இமைத்துடிப்புக்கு ஊசி போட்டு வந்தபோது, நோயாளியின் புருவ இடைக் கோடுகளும் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான அவரது கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து அதனை ஆராய்ந்தார். நோய்க்கான மருந்து அழகுக்கான மருந்தாக மாறிய திருப்பம் அது. புருவ இடைக் கோடுகளுக்கு 2002இலும், கண்ணோரச் சுருக்கத்துக்கு 2013இலும், நெற்றிக் கோடுகளுக்கு 2017இலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

அதன் பின் வணிகம் எந்த அளவுக்கு வளர்ந்தது என்பதற்கு ஒரு செய்தி போதும். போடாக்ஸ் தயாரிப்பாளரான அல்லர்கன் நிறுவனத்தை, ஆப்வீ என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் சுமார் 6,300 கோடி டாலர் மதிப்பில் 2020இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. உலகில் அறுவை இன்றிச் செய்யப்படும் அழகுச் சிகிச்சைகளில் பொட்டுலினம் ஊசியே முதலிடத்தில் உள்ளது. அதனைப் போட்டுக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

இதே நச்சு இன்றும் மருத்துவமனைகளில் நோய் தீர்க்கும் மருந்தாகவும் விளங்குகிறது. மூளை முடக்குவாதத்தால் கால் தசைகள் இறுகிப்போன குழந்தைக்கும், பக்கவாதத்துக்குப் பின் விரல்களை விரிக்க முடியாத முதியவருக்கும், கழுத்து ஒருபுறமாகத் திருகிக்கொள்ளும் நோயாளிக்கும் இந்த ஊசி பெரும் நிவாரணம் தருகிறது. தில்லி எய்ம்ஸ் போன்ற மருத்துவமனைகளின் நரம்பியல் துறைகளுக்கு வரும் இத்தகையோருக்கு, முகச்சுருக்கத்துக்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு மருந்து தேவைப்படும். விலையைக் கேட்டுத் தயங்கும் குடும்பங்கள் இங்கும் உண்டு. ஆனால் பெயர்ப்பலகையும் விளம்பரமும் இவர்களை நோக்கி நீள்வதில்லை.

ஓராண்டின் கணக்கு

பொட்டுலினம் ஊசியின் கட்டணம் யூனிட் என்ற அளவைக்கொண்டு கணக்கிடப்படுகிறது. பெருநகரங்களில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 250 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை வாங்கப்படுகிறது. பெயர்பெற்ற மருத்துவர் எனில் இதற்கு மேலும் உண்டு. நெற்றிக்கு 20, புருவ இடைக்கு 20, இரு கண்ணோரங்களுக்கும் சேர்த்து 24 என, அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முழு அளவு 64 யூனிட்டுகள். மருத்துவர்கள் முகத்துக்கேற்ப இதனைக் கூட்டியும் குறைத்தும் போடுவர்.

யூனிட்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு அளவுக்கு ஒரு முறை ஆகும் செலவு 19,200 ரூபாய். செலவு இத்துடன் முடிவதில்லை. ஊசியின் பயன் மூன்று முதல் நான்கு மாதங்களே நீடிக்கும். நரம்பு முனை மீண்டும் செயல்படத் தொடங்கியதும் தசை சுருங்கும், கோடு திரும்பும். ஆண்டுக்கு மூன்று முறை போட்டால் 57,600 ரூபாய் ஆகிறது. பத்தாண்டுகளுக்கு ஐந்தே முக்கால் லட்சம் ரூபாய். இதில் விலை உயர்வு சேர்க்கப்படவில்லை.

கன்னத்தையும் உதட்டையும் நிரப்பும் ஃபில்லர் என்ற ஊசி இந்தக் கணக்கில் சேராது. ஹையலூரானிக் அமிலம் அடங்கிய அந்த ஊசிக் குழல் ஒன்றுக்கு 15,000 ரூபாயும் அதற்கு மேலும் ஆகும். ஒரு முகத்துக்கு ஒரு குழல் போதாமலும் போகலாம். அதுவும் நிரந்தரமானதன்று, சில மாதங்களிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் உடலில் கரைந்துவிடும்.

இந்தத் தொகையை நாட்டின் பிற கணக்குகளோடு ஒப்பிட்டால் அதன் பொருள் விளங்கும். அங்கன்வாடி ஊழியரின் மதிப்பூதியத்தை மத்திய அரசு 2018 அக்டோபரில் உயர்த்தி மாதம் 4,500 ரூபாய் என்று நிர்ணயித்தது. மாநிலங்கள் தம் பங்காகத் தருவது தனி. மத்திய அரசு நிர்ணயித்த அந்தத் தொகையை ஓராண்டுக்குக் கூட்டினால் 54,000 ரூபாய். ஒரு முகத்தின் மேற்பாதியை ஓராண்டுக்குச் சுருக்கமின்றி வைத்திருக்கும் செலவு அதைவிட அதிகம்.

அங்கன்வாடி ஊழியர் இந்த ஊசியைத் தேடிப் போவதில்லை என்று கூறி இதைத் தள்ளிவிட இயலாது. மேல்தட்டினரின் அழகு வழக்கங்கள் படிப்படியாகக் கீழிறங்கி வருவதை இந்தியா ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1975இல் அறிமுகமான சிவப்பழகுக் களிம்பு, பெட்டிக்கடைகளில் சிறு பொட்டலங்களாகத் தொங்கும் நிலைக்கு வந்தது. அதன் பெயரிலிருந்து சிவப்பு நிறத்தைக் குறிக்கும் சொல்லை நீக்குவதாக அந்த நிறுவனம் அறிவித்தது 2020இல்தான். அதற்குள் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. கறுப்பு ஒரு குறை என்று சந்தை கற்பித்த பாடத்தின் அடுத்த பக்கம், மூப்பு ஒரு குறை என்பது.

வயது ஒரு பணி நிபந்தனை

இவ்வளவு செலவு செய்வது பெண்களின் வீண் பகட்டு என்று கூறுவோர் பலர். பகட்டு என்று ஒதுக்குமுன், பெண்ணின் வயது இந்நாட்டில் எவ்வாறு வேலைக்கான நிபந்தனையாக இருந்து வந்துள்ளது என்பதைப் பார்க்க வேண்டும்.

பொதுத்துறை நிறுவனமாக இருந்த காலத்தில் ஏர் இந்தியாவின் விதிகளின்படி, விமானப் பணிப்பெண் 35 வயதில் பணியிலிருந்து விலக வேண்டும். பணியேற்ற நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டாலோ, முதன்முறை கருவுற்றாலோ அதற்கு முன்னரே விலக வேண்டும். 35 வயதுக்குப் பின் ஆண்டுதோறும் பணிநீட்டிப்பு தருவது மேலாண்மை இயக்குநரின் விருப்பம். அதே விமானத்தில் பணியாற்றிய ஆண் ஊழியரின் ஓய்வு வயது 58. இதனை எதிர்த்து நர்கேஷ் மீர்சா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்தது. கருவுற்றால் பணிநீக்கம் என்ற விதியையும், இயக்குநரின் கட்டற்ற அதிகாரத்தையும் நீதிமன்றம் செல்லாதவை என்றது. எனினும் ஆணும் பெண்ணும் வெவ்வேறு பணிப்பிரிவினர் என்று கூறி, ஓய்வு வயதில் இருந்த ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொண்டது.

தோற்றத்தை முன்வைத்த கெடுபிடி அத்துடன் ஓயவில்லை. அனுமதிக்கப்பட்ட எடையைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்ததற்காகத் தரையிறக்கப்பட்ட விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2008இல் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 2009 ஜனவரியில் அவர்களில் சிலர் வேலையை இழந்தனர். முகமும் உடலும் ஊதியத்தைத் தீர்மானிக்கும் என்பதை அரசு நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்ட வரலாறு இது. தனியார் துறையில் இத்தகைய விதி எழுத்தில் இருக்க வேண்டியதில்லை. வரவேற்பு மேசை, விருந்தோம்பல், விற்பனை, தொலைக்காட்சி ஆகிய துறைகளில் புதிய முகம் தேவை என்ற ஒரு சொல்லே போதும்.

திரைத்துறையில் இது ஒளிவுமறைவின்றி நடக்கிறது. ஐம்பதைக் கடந்த நாயகனுக்கு இருபதுகளில் உள்ள நாயகி இணையாகிறார். அவருடன் முன்னர் இணையாக நடித்தவர் அண்ணியாகவோ அன்னையாகவோ ஆகிறார். நீனா குப்தா தமது ஐம்பதுகளின் இறுதியில், 2017இல், தாம் நல்ல நடிகை என்றும் மும்பையில் வசிப்பதாகவும், நல்ல பாத்திரங்களைத் தேடுவதாகவும் வெளிப்படையாக அறிவித்து வாய்ப்புக் கேட்க நேர்ந்தது. மறு ஆண்டு வெளியான ‘பதாயி ஹோ’ அவரை மீண்டும் உச்சத்துக்குக் கொண்டுவந்தது. நடுத்தர வயதில் கருவுறும் ஒரு தாயைச் சுற்றியே கதை அமைந்ததால் கிடைத்த வாய்ப்பு அது. அத்தகைய கதைகள் அரிது.

அரசியலும் விலக்கன்று. ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலின்போது, 2018 டிசம்பரில், அப்போதைய முதல்வர் வசுந்தரா ராஜே களைத்துவிட்டார், பருத்துவிட்டார், அவருக்கு ஓய்வு கொடுங்கள் என்று பேசியவர் மறைந்த மூத்த தலைவர் சரத் யாதவ். பேசியவருக்கு அப்போது எழுபதுக்கு மேல் வயது. ஆணின் நரை அனுபவமாக எண்ணப்படும் அவையில், பெண்ணின் நரை ஓய்வுக்கான அறிவிப்பாகக் கொள்ளப்படுகிறது. 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவையின் 543 உறுப்பினர்களில் பெண்கள் 74 பேரே என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போட்டாலும் ஏச்சு, போடாவிட்டாலும் ஏச்சு

இவ்வளவு நெருக்கடிக்குப் பின் ஒரு பெண் ஊசி போட்டுக்கொண்டால், சமூகம் அவரைப் பாராட்டுவதும் இல்லை. முகம் செயற்கையாகிவிட்டது, வயதை மறைக்கிறார், பணத்தை வாரி இறைக்கிறார் என்ற ஏளனம் உடனே தொடங்குகிறது. போட்டுக்கொள்ளாதவரும் தப்புவதில்லை. நடிகை ஆலியா பட்டின் முகத்தில் போடாக்ஸ் ஊசி தவறிவிட்டது, அவரது புன்னகை கோணலாகிவிட்டது, ஒரு பக்கம் செயலிழந்துவிட்டது என்றெல்லாம் 2024இல் ஒளிப்பதிவுகள் பரப்பப்பட்டன. ஆதாரம் ஏதுமின்றிக் கூறப்படும் கடுமையான குற்றச்சாட்டுகள் இவை என்று அந்த அக்டோபரில் அவர் மறுத்தார். இத்தகைய சிகிச்சை செய்துகொள்வோர் எவரையும் தாம் குறை கூறவில்லை, அவரவர் உடல் அவரவர் விருப்பம் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். ஒரு பெண்ணின் முகத்தைப் பிறர் துண்டு துண்டாக அலசுவதையே அவர் கண்டித்தார்.

முடிக்குச் சாயம் பூசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று இச்சிகிச்சையை ஆதரிப்போர் கேட்கின்றனர். அதில் நியாயம் உண்டு. தம் வருவாயில் தம் முகத்துக்குச் செலவிடும் உரிமை எவருக்கும் உண்டு. ஆயின், விருப்பம் என்பது மறுக்கும் வாய்ப்பும் உள்ளபோதே விருப்பமாகும். மறுத்தால் வேலை போகும், பாத்திரம் போகும், வரன் தட்டிப்போகும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் அது வரியாக மாறிவிடுகிறது. அந்த வரியைச் செலுத்துபவள் பெண். செலுத்தியதற்காகக் கேலிக்கு உள்ளாகிறவளும் அவளே.

சட்டம் எங்கே நிற்கிறது?

1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம், உடலின் மீது தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது முதலியவற்றையே அழகுப் பொருள் என்று வரையறுக்கிறது. தோலுக்குள் செலுத்தப்படும் ஊசி அந்த வரையறைக்குள் வராது. பொட்டுலினம் மருத்துவர் மட்டுமே கையாள வேண்டிய மருந்து. அழகு நிலைய நாற்காலியில் போடத் தக்கதன்று.

தவறினால் விளைவு சிறிதாக இருப்பதில்லை. ஊசி போட்ட இடத்திலிருந்து நச்சு பரவினால் இமை தொங்கலாம். அரிதாக, விழுங்குவதும் மூச்சு விடுவதும் தடைபடலாம். இதனை மருந்தின் உறையிலேயே எச்சரிக்கையாக அச்சிடுமாறு அமெரிக்க நிர்வாகம் 2009இல் ஆணையிட்டது. ஃபில்லர் தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் சென்றால் தோல் அழுகலாம். பார்வையே பறிபோன நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. 2024இல் அமெரிக்காவின் 11 மாநிலங்களில், போலி மருந்தாலோ முறையற்ற இடங்களில் போட்ட ஊசியாலோ பாதிக்கப்பட்டதாக ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 22 பேரும் பெண்கள். அவர்களில் பாதிப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கண்காணிப்பு மிகுந்த நாட்டிலேயே இந்த நிலை.

இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம், முடி நடுதல் உள்ளிட்ட அழகுச் சிகிச்சைகள் குறித்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துத் தெரிந்துகொள்வது போதுமான பயிற்சி ஆகாது என்று கூற வேண்டியிருந்தது. அப்படிச் சொல்ல வேண்டி வந்ததே நிலைமையை உணர்த்தும். சிவப்பழகு, முன்கூட்டிய முதுமை ஆகியவற்றைத் தீர்ப்பதாகக் கூறும் மருந்து விளம்பரங்களுக்கு, முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வகைசெய்யும் சட்டத்திருத்த வரைவை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 பிப்ரவரியில் வெளியிட்டது. வரைவு வெளியாகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் விளம்பரங்கள் ஓயவில்லை.

வரி வசூலில் மட்டும் அரசு தெளிவாக இருந்து வந்துள்ளது. அழகுக்கான அறுவைச் சிகிச்சை 2009இல் சேவை வரிக்குள் கொண்டுவரப்பட்டது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும், மருத்துவச் சேவைக்குக் கிடைத்த விலக்கு அழகுச் சிகிச்சைக்குத் தரப்படவில்லை. பிறவிக் குறை, விபத்துக் காயம் போன்றவற்றைச் சீர்செய்வதற்கு மட்டும் விலக்கு உண்டு. மருத்துவக் காப்பீடும் அழகுச் சிகிச்சையை ஏற்பதில்லை. அரசின் ஏட்டில் இது ஆடம்பரம். காப்பீட்டு நிறுவனத்தின் ஏட்டிலும் ஆடம்பரம். வேலை தருபவரின் கண்ணிலும் வரன் தேடுபவரின் கண்ணிலும் மட்டும் இது தேவையாகிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான செலவைப் பெண் தன் கைப்பணத்திலிருந்து ஈடுகட்டுகிறாள்.

ஊசியைத் தடை செய்வது இதற்குத் தீர்வாகாது. தடை செய்தால் அது பின்வாசல் வழியே, கூடுதல் ஆபத்துடன் விற்கப்படும். ஊசி போடுபவரின் மருத்துவப் பதிவு எண், மருந்தின் பெயர், தொகுப்பு எண், அளவு, கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குவது அரசால் இயலக்கூடியது. வேலைக்கான விளம்பரத்திலும் பதவி நீட்டிப்பிலும் தோற்றமும் வயதும் எங்கெல்லாம் பெண்ணுக்கு மட்டும் நிபந்தனையாகின்றன என்பதைத் தொழிலாளர் துறையும் மகளிர் ஆணையங்களும் ஆராயலாம். சாலையைப் பற்றிப் பேச வரும் வேட்பாளரிடம் கன்னத்தை விட்டுவிட்டு, தார், ஜல்லி, ஒப்பந்தத் தொகை ஆகியவற்றுக்குக் கணக்குக் கேட்பது வாக்காளர் செய்யக்கூடியது.